தோட்டத்துப் பறவைகளுக்கு வீட்டிலேயே கொழுப்புக் கட்டி: முதல்முறை செய்பவர்களுக்கு

குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தொங்கவிடும் கொழுப்புக் கட்டியை (சூயெட் என்று கேட்டிருப்பீர்கள்) வீட்டிலேயே செய்யலாம் என்று நினைக்கிறீர்களா? அடுப்பைப் பற்றவைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மூன்று முறை கெடுத்த பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது.

முதல் முறை, இறைச்சி வறுத்த தட்டில் மிஞ்சிய கொழுப்பையே விதைகளோடு பிசைந்து தொங்கவிட்டேன். காலையில் கெட்டியாக இருந்தது. மதிய வெயிலில் இளகி, கம்பியெல்லாம் பிசுபிசுத்துப் போனது. அதில் ஒரு சிட்டு வந்து தொற்றிக்கொண்டது. அது திரும்பியபோது பார்த்தேன்: நெஞ்சுப் பக்கத்து இறகுகள் எண்ணெயில் முக்கிய திரி மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. பறவையைக் குளிரிலிருந்து காப்பது இறகுகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான். இறகு ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று தங்காது, தண்ணீரும் உள்ளே இறங்கிவிடும். உதவி செய்வதாக நினைத்து அந்தச் சிறு உயிரை நானே குளிருக்குக் கொடுத்துவிட்டேனே என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

இரண்டாம் முறை தீயைக் கூட்டி வைத்து, கொழுப்பைக் கருக்கிவிட்டேன். மூன்றாம் முறை உருக்காமல் பச்சையாகவே தொங்கவிட்டேன். ஒரு வாரம் குளிர் தணிந்ததும் காறல் வாடை வந்துவிட்டது.

இந்த மூன்றிலும் கற்றது ஒன்றுதான்: என்னென்ன விதை சேர்க்கிறோம் என்பது இரண்டாம்பட்சம். கொழுப்பு கெட்டியானதா, சுத்தமானதா, பறவை வந்து உட்காரும் நேரத்திலும் கெட்டியாகவே இருக்குமா என்பதுதான் முக்கியம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே.

1. அனுமதி: முதலில் காகிதத்தைப் பாருங்கள்

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் விதிகளையும் பாருங்கள். பறவைக்குத் தீனி வைக்கக்கூடாது என்றோ, பால்கனிக் கம்பியில் எதையும் தொங்கவிடக்கூடாது என்றோ ஒரு வரி இருக்கலாம். வாய்மொழியாக அனுமதி தந்தால் ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் குறை சொல்லும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

கரடி நடமாடும் பகுதியாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள். கொழுப்பு வாசனை கரடியை வெகுதூரத்திலிருந்து இழுக்கும். அது உறங்கப் போகும் மாதங்களில் மட்டும் தீனி வைக்கலாம் என்று பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு.

2. சரியான கொழுப்பை வாங்குங்கள்

உங்களுக்கு வேண்டியது மாடு அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியும் இடுப்பை ஒட்டியும் இருக்கும் கொழுப்பு. கறிக்கடையில் ‘கொழுப்பு கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் தோலடிக் கொழுப்பையோ, கறியிலிருந்து சீவிய துண்டுகளையோ போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ‘சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற கொழுப்பு’ என்றே கேளுங்கள். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். வெள்ளையாக, காய்ந்தாற்போல இருக்கும். மேலே காகிதம் போன்ற ஒரு சவ்வு இருக்கும். குளிர்ந்த நிலையில் விரலால் அழுத்தினால் வழவழவென்று நசுங்காமல் பொலபொலவென்று உதிரும்.

இந்தக் கொழுப்பைக் கேட்டு வருபவர்கள் குறைவு. அதனால் கறியை விட மிக மலிவாகவே கிடைக்கும். வழக்கமாகக் கறி வாங்கும் கடை என்றால் சும்மாவே கொடுப்பதும் உண்டு. இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். அரைத்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். உங்கள் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

வறுத்த தட்டில் மிஞ்சிய கொழுப்பில் உப்பும் இறைச்சிச் சாறும் கலந்திருக்கும். அது கெட்டியாக உறையாது, கிருமியும் சீக்கிரம் பெருகும். நான் செய்த முதல் தவறு இதுதான். பன்றி உப்புக்கறி பொரித்த கொழுப்பும் கூடாது. சமையல் எண்ணெய், மென்மையான மார்கரின் இரண்டும் இறகில் பூசிக்கொள்ளும். மாவு பூசித் துருவி, பெட்டியில் அடைத்து விற்கும் சமையல் சூயெட்டை உருக்கி வடிகட்ட முடியாது. மாவு அடியில் பிடித்துக்கொள்ளும்.

பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் அது மாட்டுக் கொழுப்பை விட இளகியது. நல்ல குளிர் உள்ள மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. செலவும் நேரமும்

பெரிய செலவு கொழுப்பு இல்லை, விதையும் நிலக்கடலையும்தான். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அடிகனமான பாத்திரம், உலோக வடிகட்டி, பழைய பருத்தித் துணி, ஒரு மரக்கரண்டி போதும். புதிதாக வாங்க வேண்டியது தொங்கவிடும் கம்பிக் கூடு ஒன்றே. ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். ஒரே ஒரு கட்டிக்காக இவ்வளவு வேலை செய்வதானால் கடையில் வாங்குவதே மேல். ஒரே தடவையில் ஐந்து பத்து கட்டி செய்து ஃப்ரீசரில் அடுக்கினால்தான் லாபம்.

ஒரு கிலோ கொழுப்புக்கு வெட்ட அரை மணி நேரம், முதல் உருக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், ஓர் இரவு உறைய, பிறகு இரண்டாம் உருக்கும் கலவையும் சேர்ந்து இரண்டு மணி நேரம், அவை இரண்டுக்கும் இடையில் இன்னோர் இரவு உறைய ஆகும். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பச்சைக் கொழுப்பில் முக்கால் கிலோ அளவுக்குச் சுத்தமான கொழுப்பு தேறும்.

4. முதல் உருக்கு

அரைக்காத கொழுப்பு என்றால் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விறைத்தால் கத்தி சுலபமாக இறங்கும், கையும் வழுக்காது. சவ்வை உரித்து, சிவப்பாகத் தெரியும் கறித் துணுக்கு, இரத்தக் குழாய் எல்லாவற்றையும் சீவி எடுங்கள். இந்தத் துணுக்குகள்தான் பின்னால் கட்டியைக் கெடுப்பவை. பிறகு கடலைப் பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள், அல்லது துருவுங்கள். துண்டு பெரிதாக இருந்தால் வெளிப்புறம் கருகும்போது உள்ளே உருகாமலே இருக்கும்.

பாத்திரத்தில் கொழுப்பைப் போட்டு அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். கொழுப்பு இளகி வரும்வரை அடி பிடிக்காமல் அந்தத் தண்ணீர் காக்கும். தீயை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். மூடி போட வேண்டாம், நீராவி வெளியேற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும்.

இங்கே காதையும் பயன்படுத்துங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கும் சலசலப்பு கேட்கும். பிறகு சின்னச் சின்னக் குமிழிகளாக மாறும். சத்தம் மெல்ல அடங்கி, குமிழி அநேகமாக நின்றுவிட்டால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது திரவம் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும், துணுக்குகள் சுருங்கிப் பொன்னிறமாகியிருக்கும். அந்த நிமிடமே அடுப்பை அணையுங்கள். இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் துணுக்கு பழுப்பாகும், கருகல் வாசம் மொத்தக் கொழுப்பிலும் ஏறும். புகை கிளம்பிவிட்டால் அந்தத் தொகுதி வீண்தான்.

ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் குறைந்த சூட்டில் நான்கைந்து மணி நேரம் வைக்கலாம். கருகும் பயம் குறைவு. என் அனுபவத்தில் இதுதான் புதியவர்களுக்கு ஏற்றது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. உருகும் கொழுப்பை அடுப்பில் விட்டுவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் பட்ட கணமே நீராவியாகி எரியும் கொழுப்பை நாலாபுறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் பாத்திரத்தை மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். பொருத்தமான மூடி ஒன்றைத் தொடக்கத்திலேயே கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் அன்று சமையலறைப் பக்கம் வர வேண்டாம்.

கொஞ்சம் ஆறியதும் வடிகட்டியில் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, உலோகப் பாத்திரத்தில் வடியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா சூட்டில் நெளிந்துவிடும். துணியைப் பிழியாதீர்கள், பிழிந்தால் கசடும் கூடவே இறங்கும். ஒரு துளிக் கொழுப்பைக்கூடக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

5. இரண்டாம் உருக்கு: தவிர்க்காதீர்கள்

ஒருமுறை உருக்கினாலே வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால் பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது முறைதான் கட்டியைக் கெட்டிப்படுத்துகிறது, நீண்ட நாள் கெடாமலும் வைக்கிறது.

உறைந்த கொழுப்பைத் துண்டுகளாக்கி, ஒரு கோப்பைத் தண்ணீரோடு மறுபடி மெதுவாகச் சூடாக்குங்கள். முழுதும் உருகியதும் துணியில் வடித்து, அப்படியே இரவு முழுக்கக் குளிரவிடுங்கள். காலையில் மேலே வெள்ளைத் தட்டாகக் கொழுப்பும், அடியில் கலங்கிய தண்ணீரும் பிரிந்திருக்கும். தட்டைத் தூக்கி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கூழைக் கத்தியால் சுரண்டி எறியுங்கள். ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தக் கூழைப் பார்த்த பிறகு இந்தப் படியை விட உங்களுக்கே மனம் வராது.

சோதனை எளிது. அறைச் சூட்டில் வைத்த கொழுப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழாமல் நகக்கீறல் மட்டும் விழுந்தால் நல்ல கொழுப்பு. குழி விழுந்தால் அதைக் கடுங்குளிர் நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

6. கலவை

விகிதம் ஒன்றுக்கு இரண்டு: ஒரு பங்கு கொழுப்பு, இரண்டு பங்கு உலர்ந்த பொருட்கள். நான் இப்போது செய்வது:

- உருக்கிய கொழுப்பு 500 கிராம்
- தோல் நீக்கிய சூரியகாந்தி விதை 400 கிராம்
- வேகவைக்காத ஓட்ஸ் 300 கிராம்
- உப்பில்லாத நிலக்கடலை, பொடித்தது 200 கிராம்
- உலர்ந்த மீல்வார்ம் புழு 100 கிராம்

இதில் 300 கிராம் எடையில் ஐந்து கட்டிகள் வரும். புழு கிடைக்காவிட்டால் ஓட்ஸைக் கூட்டிக்கொள்ளலாம். கட்டி சீக்கிரம் இளகுகிறது என்றால் ஓட்ஸில் கொஞ்சத்தைக் குறைத்து மக்காச்சோள மாவு சேருங்கள், கொழுப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சேர்க்கக் கூடாதவற்றில் முதலாவது உப்பு. உப்புக் கடலை, உப்பு பிஸ்கட், சுவையூட்டிய கொறிப்பான் எதுவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையை ‘பறவைக்குத்தானே’ என்று போட்டுவிடாதீர்கள், அதில் உருவாகும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு பறவையைக் கொன்றுவிடும். உலர் தேங்காய்த் துருவல் வயிற்றுக்குள் போய் ஊதும். தேன் பூஞ்சையை வளர்க்கும். பாலைப் பறவையால் செரிக்க முடியாது. கடலை வெண்ணெய் சேர்ப்பதானால் சீட்டைப் படியுங்கள், உப்பும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டியும் இல்லாததாக இருக்க வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் உலர்திராட்சையையும் விட்டுவிடுங்கள். கீழே சிந்துவதை நாய் தின்னும், திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கலப்பதற்காகக் கொழுப்புத் தட்டை மறுபடி மெதுவாக உருக்குங்கள். ஆனால் கொதிக்கக் கொதிக்க விதையில் ஊற்றாதீர்கள். விதையெல்லாம் அடியில் போய்த் தங்கும், மேலே வெறும் கொழுப்பு நிற்கும். திரவம் ஆறி, லேசாகக் கலங்கி, கரண்டியில் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கும்போது கலந்தால் விதை எங்கும் சமமாக நிற்கும். இந்த நேரம் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். அதனால் உலர்ந்த பொருட்களை முன்பே அளந்து, பெரிய பாத்திரத்தில் கலந்து தயாராக வைத்திருங்கள்.

7. அச்சு

கம்பிக் கூட்டின் உள்ளளவை முதலில் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சதுரக் கூடுகள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் பக்கம் உள்ளவை. அதே அளவுச் சதுர டப்பாவில் எண்ணெய்த் தாள் விரித்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவையை நிரப்பி, கரண்டியின் அடியால் நன்றாக அழுத்துங்கள். உள்ளே காற்று இருந்தால் கொத்தும்போது பெரிய பெரிய துண்டாக உடைந்து விழும். ஒரு மணி நேரம் வெளியே, பிறகு ஃப்ரீசர். உறைந்ததும் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, பையில் போட்டு, தேதியும் ‘பறவைக்கு’ என்றும் எழுதி வையுங்கள்.

8. எங்கே, எப்படித் தொங்கவிடுவது

பிளாஸ்டிக் வலைப் பையில் போட்டுத் தொங்கவிடவே கூடாது. பறவையின் காலும் நாக்கும் அதில் சிக்கிக்கொள்ளும். உலோகக் கம்பிக் கூடுதான் சரி.

வெயில் நேரடியாகப் படாத இடம், தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம். பருந்து வந்தால் ஒளிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு புதர் வேண்டும். ஆனால் அந்தப் புதர் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும், பூனை அதில் பதுங்கியிருந்து பாயக்கூடாது. கண்ணாடி ஜன்னல் இருந்தால் ஒன்று, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து: முழு வேகத்தில் பறந்து வந்து கண்ணாடியில் மோதிவிடும். ஒரு மீட்டருக்குள் இருந்தால் மோதினாலும் வேகம் இருக்காது.

மரங்கொத்தி வர வேண்டும் என்றால் கூட்டை மரத்தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள், அல்லது கூட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பான பலகை நீட்டிக்கொண்டிருக்கட்டும். மரங்கொத்தி வாலை ஊன்றுகோலாக வைத்துத்தான் நிற்கும். நான் பலகை கட்டிய பிறகு வந்த முதல் மரங்கொத்தி, வால் நுனியைப் பலகையில் இரண்டு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பிடி கிடைத்ததும்தான் கொத்தவே ஆரம்பித்தது.

முதல் பறவை வர ஒரு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். தினமும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அவை கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும்.

9. அணிலும் ஸ்டார்லிங்கும்

மைனாவின் உறவான ஸ்டார்லிங் கூட்டமாக வந்து ஒரே நாளில் கட்டியைத் தீர்த்துவிடும். அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும் கூட்டை வாங்குங்கள். தலைகீழாகத் தொங்கி உண்பது சிக்கடி, நட்ஹாட்ச் என்னும் சிறு பறவைகளுக்கும் மரங்கொத்திக்கும் எளிது. ஸ்டார்லிங்குக்கு அது சிரமம்.

அணிலுக்கு மிளகாய்த்தூள். காரத்தை உணரவைக்கும் கேப்சைசின் பாலூட்டிகளின் வாயில்தான் எரியும், பறவைகளுக்கு அந்த எரிச்சல் தெரியாது. கொழுப்பு ஆறும்போது தூளைச் சேருங்கள். கொதிக்கும் கொழுப்பில் போட்டால் கிளம்பும் நெடி உங்கள் கண்ணையும் தொண்டையையும் பதம் பார்த்துவிடும். கட்டியை மாற்றிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

10. சுத்தமும், நிறுத்த வேண்டிய நேரமும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இறகை உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையையோ, கண் வீங்கிய பறவையையோ பார்த்தால் உடனே கூட்டை இறக்கிவிடுங்கள். சில வாரம் தீனி வைக்காதீர்கள். ஒரே இடத்தில் கூடி உண்ணும்போதுதான் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. பறவைகள் பட்டினி கிடக்குமே என்று மனம் கேட்காதுதான். ஆனாலும் இறக்கிவிடுங்கள்.

கொழுப்பின் அருமை உறைபனி இரவுகளில்தான். ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கலோரி, மாவுச்சத்தில் நான்கு. பதினொரு கிராம் எடையுள்ள ஒரு சிக்கடி குளிர் இரவு ஒன்றைக் கடக்கத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை எரித்துவிடுகிறது. ஆகவே கட்டியை மாற்றுவதானால் மாலையிலேயே மாற்றிவிடுங்கள். விடியும்போது பசியோடு வரும் பறவைக்குத் தயாராக இருக்கும்.

பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினால் தினமும் கட்டியைத் தொட்டுப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் அன்றே இறக்குங்கள். இது கூடு கட்டும் பருவம் என்பதால் இரட்டை ஆபத்து: வயிற்று இறகில் ஒட்டிய கொழுப்பு அடைகாக்கும்போது முட்டை ஓட்டில் படிந்து, அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். முழுக் கடலையும் இந்த மாதங்களில் கூடாது, தாய்ப்பறவை கொண்டுபோய் ஊட்டினால் குஞ்சின் தொண்டையில் அடைக்கும்.

மீதமுள்ள கட்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம். சுற்றிய தாளோடு ஃப்ரீசரிலேயே இருக்கட்டும், பல மாதம் தாங்கும். அடுத்த முறை உறைபனி விழும் வாரத்தில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பாருங்கள். காறல் இல்லை என்றால் அன்று மாலையே மாட்டிவிடலாம்.